இல்லாத எருமைக்கு வழிவிட்ட கதை

ஆலை பஸ்ஸின் சாவியைப் புதிதாக வாங்கியிருக்கும் தம்பிமாரே, போன வாரம் டீக்கடையில் உங்களில் ஒருவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "முப்பது வருசத்துல ஒரு ஆக்சிடெண்டுகூட இல்லையாமே அண்ணாச்சி!" என்றார். நானும் பெரிய மனிதரைப் போலத் தலையை ஆட்டி டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனது கேட்கவில்லை. அந்தத் தம்பி பழைய ஆட்களிடம் விசாரித்திருந்தால் அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்கள்.

ஒன்று இருந்தது. அதில் யாருக்கும் சிராய்ப்புக்கூட இல்லை. அடிபட்டவை எட்டு வரிசை மக்காச்சோளமும் என் மானமும்தான். ஆனால் இன்னும் பத்தடி போயிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். என்னோடு இன்னும் முப்பத்தொரு பேரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கியர் மாற்றுவதையும் டயரைத் தட்டிப் பார்ப்பதையும் உங்களுக்குச் சொல்ல நான் யார்? அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ராத்திரியில் ஸ்டியரிங்குக்கு இந்தப் பக்கம், டிரைவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அது புரட்டாசி மாதம். நான்குவழிச் சாலையில் லாரிகள் எல்லாம் மஞ்சள் விளக்கை விட்டுக் கண்ணைக் குத்தும் வெள்ளை விளக்குக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். என்னோடு முறை வைத்து ஓட்டிய டிரைவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு வாரத்துக்குக் காலை டூட்டியும் ராத்திரி டூட்டியும் நீங்களே பாத்துக்கிடுவீங்களா?"

"அதுக்கென்ன சார்," என்றேன்.

யோசிக்கவே இல்லை. காரணம் பெருமைதான். கோவில்பட்டி சுற்றுவட்டாரத்தில் எந்த ரோட்டிலும் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று சொல்லித் திரிந்தவன் நான். கண்ணை யாரும் கட்ட வேண்டியதில்லை, அது தானாகவே மூடிக்கொள்ளும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

காலை நான்கு மணிக்கு எழுந்து முதல் ஷிப்ட் பெண்களை ஊர் ஊராய்ப் போய் ஏற்றி வருவேன். மத்தியானம் ஷெட்டில் தகரக் கூரைக்கு அடியில், வேர்வைக்கும் ஈக்கும் நடுவில் படுத்துப் புரளுவேன். அதற்குப் பெயர் ஓய்வு. ராத்திரி பதினொரு மணிக்கு இரண்டாவது ஷிப்ட் விட்டதும் முப்பத்தொரு பெண்களை ஆறு ஊர்களில் இறக்கிவிட்டுத் திரும்ப ஒன்றரை ஆகிவிடும். மறுபடி நான்கு மணிக்கு அலாரம்.

மூன்றாம் நாளிலிருந்தே வைத்தியம் பார்க்க ஆரம்பித்தேன். முகத்தில் தண்ணீர் அடித்தேன். பச்சை மிளகாயைக் கடித்தேன். கண் விழித்தது, வயிறும் சேர்ந்து விழித்துக்கொண்டது. பிறகு கடலை மிட்டாய்க்கு மாறினேன். வாய் அசைந்துகொண்டே இருந்தால் தூக்கம் வராது என்று ஒரு லாரி டிரைவர் சொல்லியிருந்தார். தம்பிமாரே, கடலை மிட்டாயை மென்றுகொண்டே தூங்க முடியும். இதைக் கண்டுபிடித்தவன் உங்கள் அண்ணாச்சிதான்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் நல்ல மழை. ராத்திரி வண்டி எடுக்கும்போது விட்டிருந்தது. நான்குவழிச் சாலையில் ஈரத் தார் கண்ணாடியாய் மின்ன, எதிரே வந்த ஒவ்வொரு லாரியும் இரண்டு சூரியன்களைப் பிடித்துக்கொண்டு வந்தது. கண் கூசி, நீர் வடிய, தொடையைத் தட்டித் தட்டி ஓட்டினேன். அங்கே எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பயம் இருந்ததால் விழிப்பும் இருந்தது.

இடைசெவல் தாண்டி உள்ளே ஊர்ச்சாலையில் திரும்பினேன். எதிரே ஒரு விளக்கும் இல்லை. இரண்டு பக்கமும் மழை குடித்த கரிசல் காடு. குளிர்ந்த காற்று வந்தது. பின்னால் பெண்கள் எல்லாரும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கிவிட்டார்கள். 'அப்பாடா' என்று மூச்சு விட்டேன். இதை மட்டும் மறக்காதீர்கள். ஆபத்து லாரிகளுக்கு நடுவில் இல்லை. அந்த 'அப்பாடா'வுக்குள் இருந்தது.

அடுத்து நான் பார்த்தது என் வீட்டுத் தெரு. சத்தியமாகப் பார்த்தேன். இடதுபுறம் என் வீட்டு வாசல், மேலே குண்டு பல்பு எரிகிறது, வீட்டுக்காரி கதவைத் திறந்து வைத்திருக்கிறாள். வந்துவிட்டோம் என்று எவ்வளவு சந்தோஷம்! நிதானமாக இண்டிகேட்டர் போட்டு, அழகாக இடதுபக்கம் திருப்பினேன்.

தடால் என்று வண்டி இறங்கியது. டிபன் வாளிகள் உருண்டன. முப்பத்தொரு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். என் கால் பிரேக்கில் விழுவதற்கு முன்பே கரிசல் மண் முன்சக்கரங்களை வாங்கி விழுங்கி, வண்டியை நிறுத்திவிட்டது. பம்பருக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்கு மக்காச்சோளப் பயிர் நின்று என்னைப் பார்த்தது.

"என்னாச்சு அண்ணாச்சி? என்னாச்சு?"

"எருமை!" என்றது என் வாய். "குறுக்க வந்துட்டு!"

ஏன் எருமை என்று பிறகு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். பசு என்றால் யாராவது வெள்ளையாக எதையும் பார்க்கவில்லையே என்பார்கள். கறுப்பு எருமை, கறுப்பு மண், கறுப்பு ராத்திரி. யார் இல்லையென்று சொல்ல முடியும்? அந்தப் பதற்றத்திலும் புத்தி எப்படி வேலை செய்திருக்கிறது பாருங்கள். அதில் பாதியை ஐந்து நிமிடம் முன்னால் செலவழித்திருந்தால் வண்டியை ஓரம் கட்டியிருப்பேன்.

"ஆமா, நானும் பாத்தேன். பெரிய எருமை!" என்றாள் பின்சீட்டிலிருந்து ஒரு பெண். அவள் அதுவரை குறட்டை விட்டுக்கொண்டிருந்தவள். "கூட ஒரு கன்னுக்குட்டியும் போச்சுல்லா?" என்றாள் இன்னொருத்தி. பத்து நிமிடத்தில் என் எருமைக்குக் கன்றும் பிறந்துவிட்டது.

ஒருத்தர் மட்டும் அதில் சேரவில்லை. எனக்கு இடதுபக்கம் முதல் சீட்டில் எப்போதும் உட்கார்பவர், ஸ்பின்னிங்கில் வேலை, நாற்பது வயதிருக்கும். முன்சீட்டம்மா என்றே சொல்கிறேன். பெயரைப் போட்டால் நேரே வீட்டுக்கு வந்து என்னைக் கேள்வி கேட்பார். அவர் எழுந்து வந்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றார். "டிக், டிக்" என்று இண்டிகேட்டர் அடித்துக்கொண்டிருந்தது. கையை நீட்டி அதை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

பெண்கள் போன் போட்டு, அண்ணன் தம்பிகளும் வீட்டுக்காரர்களும் பைக்கில் வந்து ஒவ்வொருவராகக் கூட்டிப் போனார்கள். கரிசல் செருப்பில் அப்பி ஒவ்வொரு காலும் ஒரு செங்கல் கனம் கனத்தது. முன்சீட்டம்மாவின் ஊர் கடைசி ஊர். அவர் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடியில் வேலை. வந்து கூட்டிப் போக ஆள் இல்லாததால் அவரும், அவருக்குத் துணையாக அதே ஊர்ப் பெண்கள் இரண்டு பேரும் விடிகிறவரை வண்டியிலேயே இருந்தார்கள்.

விடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, கொஞ்சம் இங்கன வாங்க."

போனேன். பம்பரிலிருந்து பத்தடி. பயிருக்கு நடுவே தரையோடு தரையாக ஒரு கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது. எட்டிப் பார்த்தால் எங்கோ அடியில் தண்ணீர் மினுங்கியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ராத்திரி செல் லைட்டு அடிச்சுப் பாத்தேன். பிள்ளைக பயந்துரும்னு யார்ட்டயும் சொல்லல. அந்தப் பக்கம் யாரையும் போகவும் விடல," என்றார். பிறகு கேட்டார். "எருமை எந்தப் பக்கமாப் போச்சு அண்ணாச்சி? இந்தக் கெணத்துக்குள்ளயா?"

நான் செருப்பில் அப்பிய மண்ணைச் சுரண்டினேன்.

"எருமையப் பாத்துப் பதறித் திருப்புதவரு இண்டிகேட்டர் போட்டா திருப்புவாரு?" என்றார். "நடுவுல முழிச்சப்ப உங்க தலை தொங்குனதையும் நான் பாத்தேன். கூப்பிட வாயத் தெறக்கதுக்குள்ள வண்டி எறங்கிட்டு."

"தாயி, வெளிய சொல்லிராதீங்க. வேலை போயிரும்."

"நான் என்னத்துக்குச் சொல்லுதேன்? சொல்ல வேண்டியது நீங்க. ஆனா ஒண்ணு, இனிமே உங்க பஸ்ல நான் கண்ண மூட மாட்டேன்."

அந்த வார்த்தையை அவர் கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னார். அதனால்தான் உள்ளே போய்த் தைத்தது.

டிராக்டர் வந்து வண்டியை இழுத்தது. நிலத்துக்காரர் வந்து அரைமணி நேரம் எருமையைத் திட்டினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேனேஜரும் நம்பினார். அன்றைக்கு ராத்திரி மறுபடி அதே வண்டி, அதே ரோடு, அதே நான்.

முன்சீட்டம்மா சொன்னபடியே செய்தார். எட்டு மணி நேரம் மெஷினுக்கு முன்னால் நின்றுவிட்டு வந்தவர், வண்டி கிளம்பியதும் ஆரம்பித்துவிடுவார். "இன்னைக்கு வீட்ல என்ன கொழம்பு அண்ணாச்சி? நேத்தும் அதானா? உங்க மக மாமியா எப்படி, நல்ல மாதிரியா?" பதில் வரக் கொஞ்சம் தாமதமானால் டிபன் வாளி மூடியால் கம்பியில் 'டங்' என்று ஒரு தட்டு. பின்னால் எல்லாரும் தூங்குவார்கள். அவர் கண் மட்டும் சிவந்து திறந்தே இருக்கும்.

மூன்றாம் நாள் ஆலை வாசலில் ஒரு பெரியவர் கையில் கயிற்றோடு வந்து நின்றார். அடுத்த ஊர்க்காரர்.

"தம்பி, நீங்கதான அந்த டிரைவரு? எம் எருமையக் காணாம நாலஞ்சு நாளாத் தேடுதேன். கறவை மாடு. கன்னோட போச்சு. நீங்க பாத்ததாச் சொன்னாவ. இடது கொம்பு கொஞ்சம் வளஞ்சிருக்குமே, அதானா?"

இல்லை என்று சொல்ல அதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்த்திருக்காது. ஆனால் பக்கத்தில் வாட்ச்மேன் நின்றான், மேனேஜர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மாதிரிதான் இருந்துச்சு," என்றேன்.

"எந்தப் பக்கமாப் போச்சு?"

"கெழக்க."

"நல்லாருப்பீங்க தம்பி," என்று சொல்லிவிட்டுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிழக்கே நடந்தார். அன்றைக்கு மழை வேறு. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அவர் போவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பொய் ஒரு மனிதரை நடக்க வைக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்போதும் ஓடிப்போய்க் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த வாரமே ஆயுத பூஜை. பஸ்களைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி நிறுத்தியிருந்தோம். சாமி கும்பிட்டதும் பொரிகடலைப் பொட்டலம் கொடுத்துவிட்டு மேனேஜர் மைக்கைப் பிடித்தார். என்னை மேடைக்குக் கூப்பிட்டார். ஒரு பொன்னாடை வேறு.

"நடு ரோட்டில் எருமை பாய்ந்தபோது கண நேரத்தில் வண்டியைத் திருப்பி முப்பத்தொரு உயிர்களைக் காப்பாற்றியவர் நம் டிரைவர்! அதுவும் எப்போது? இரட்டை டூட்டி பார்த்துக்கொண்டிருந்தபோது! மனம் இருந்தால் முடியும் என்பதற்கு இவரே உதாரணம். ஆகவே அடுத்த மாதத்திலிருந்து மற்ற டிரைவர்களுக்கும் இரட்டை டூட்டி கொடுப்பதாக யோசித்திருக்கிறோம்."

கைதட்டினார்கள். டிரைவர்கள் மட்டும் தட்டவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் பொன்னாடை பொசுங்கியிருக்க வேண்டும். மேனேஜர் மைக்கை என் கையில் கொடுத்து, "ரெண்டு வார்த்தை பேசுங்க," என்றார்.

நன்றி, வணக்கம் என்று இரண்டு வார்த்தையைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். கூட்டத்தில் முன்சீட்டம்மா எங்கே என்று தேடினேன். மூன்றாம் வரிசையில் நாற்காலியில் இருந்தார். பட்டப்பகலில், மைக் அலறுகிற இடத்தில், மடியில் பொரி சிந்த, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக என் தூக்கத்தையும் சேர்த்து அவர்தான் சுமந்திருக்கிறார்.

"எருமை வரல," என்றேன் மைக்கில்.

பின்னாலிருந்து ஒரு குரல், "பின்னே என்ன, மாடா?" என்றது.

"ஒண்ணும் வரல. நான் தூங்கிட்டேன்."

யாரோ சிரித்தார்கள். நான் நகைச்சுவையாகப் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். கிணற்றைச் சொன்னேன், சிரிப்பு நின்றது. காலை நான்கு மணியிலிருந்து விழித்திருந்ததைச் சொன்னேன். ரோட்டில் என் வீட்டு வாசல் தெரிந்ததைச் சொன்னேன். கன்றுக்குட்டியைப் பார்த்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சத்தம் அடங்கியதால்தானோ என்னவோ முன்சீட்டம்மா விழித்து, பொரியைத் தட்டிவிட்டு, பக்கத்துப் பெண்ணிடம் "என்ன சொல்லுதாவ?" என்று கேட்டார்.

மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "இது மைக்கில சொல்ற விஷயமாய்யா?" என்றார். "மைக்க நீங்கதான சார் குடுத்தீங்க?" என்றேன். பத்து நாள் சஸ்பெண்ட்.

அந்தப் பத்து நாளில் முதல் வேலையாக எருமைக்காரரைத் தேடிப் போனேன். தொழுவத்தில் இருந்தார். எருமையும் இருந்தது, கன்றும் இருந்தது. நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை சாணி அள்ளுவதை நிறுத்தாமல் கேட்டார்.

"ரெண்டு நாளு கெழக்க நடந்தேம்வே மழையில," என்றார். "இது மேக்க ஒரு ஓடைக் கரையில நிம்மதியா மேஞ்சுக்கிட்டு நிக்கி."

"தப்புதான் பெரியவரே."

"தப்புதான். இங்கன வாரும்." என் கையைப் பிடித்து எருமைக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினார். "நல்லாப் பாத்துக்கிடும். இதான் எருமை. வளஞ்சது இடது கொம்பு. அடுத்த தடவ பொய் சொல்லும்போது அடையாளமாவது சரியாச் சொல்லும்."

எருமையும் என்னை நன்றாகத்தான் பார்த்தது. பிறகு அவர் கொடுத்த கெட்டி மோரை ஒரு சொம்பு குடித்துவிட்டு வந்தேன். அவ்வளவு ருசியான மோரை நான் அவ்வளவு கூச்சத்தோடு குடித்தது இல்லை.

நான் இல்லாத நாட்களில் ஆலையில் வேறொன்று நடந்திருந்தது. எனக்குப் பதிலாகக் காலை டூட்டி பார்த்த டிரைவரையே ராத்திரிக்கும் அனுப்பியிருக்கிறார்கள். வண்டியில் ஏறப் படியில் கால் வைத்த முன்சீட்டம்மா அவரிடம், "தம்பி, காலைல எப்ப எந்திரிச்சீங்க?" என்று கேட்டாராம். "நாலு மணிக்குக்கா," என்றிருக்கிறார் அவர். முன்சீட்டம்மா காலைக் கீழே எடுத்துவிட்டார். பின்னால் நின்ற முப்பது பேரும் ஏறவில்லை. கோஷம் இல்லை, சண்டை இல்லை. சும்மா கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். முக்கால் மணி நேரத்தில் மேனேஜர் தூங்கி எழுந்த ஒரு டிரைவரை எங்கிருந்தோ பிடித்து அனுப்பினார். இரட்டை டூட்டிப் பேச்சு அதோடு நின்றது. இன்றைக்கும் நம் ஆலையில் அப்படி ஒரு விதி எந்தக் காகிதத்திலும் கிடையாது. ஆனால் உங்களையும் படியில் நிறுத்தி அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். கோபப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள்.

நான் திரும்பி வந்த முதல் ராத்திரி. பகலெல்லாம் நன்றாகத் தூங்கிவிட்டுத்தான் வந்திருந்தேன். அப்படியும் நாலாவது ஊர் தாண்டியதும் இமை கனத்தது. கண்ணைத் தேய்த்தேன். பையில் மிட்டாயைத் தேடின விரல்களை நானே பார்த்துவிட்டேன். இன்னும் இரண்டு ஊர்தான், பதினைந்து நிமிடம்தான் என்று உள்ளே ஒருவன் சொன்னான். அவன் எப்போதும் அதைத்தான் சொல்வான். ஒரு பாலத்துக்கு அப்பால் அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டி, நாலு விளக்கையும் மினுங்கவிட்டு இன்ஜினை நிறுத்தினேன்.

திரும்பி, "எனக்குத் தூக்கம் வருது," என்றேன். அத்தனை வருஷத்தில் இந்த மூன்று வார்த்தையைச் சத்தமாகச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. கிளட்ச் மிதிப்பதைவிடக் கஷ்டமான வேலை அது.

மிச்சம் இருந்த ஏழெட்டுப் பெண்களும் சாப்பாட்டு வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். ரோட்டை விட்டுத் தள்ளிப் பாலத்துக் கட்டையில் வரிசையாக உட்கார்ந்து மெதுவான குரலில் ஊர்க்கதை பேசினார்கள். நான் ஸ்டியரிங்கில் தலை வைத்தேன். இருபது நிமிடம். முன்சீட்டம்மா வந்து கதவைத் தட்டியபோது, கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது கண்.

கடைசி ஊர் முக்கில் ஒருவர் டார்ச் லைட்டோடு நின்றுகொண்டிருந்தார். பெண்களில் ஒருத்தியின் வீட்டுக்காரர். பயந்துபோயிருந்தார்.

"என்ன இம்புட்டு நேரம்? போன் போட்டாலும் லைன் கெடைக்கல. என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல," என்றார் முன்சீட்டம்மா, படியிலிருந்து இறங்கிக்கொண்டே. "டிரைவரு தூங்கினாவ."

"தூங்கினாரா!"

"ஆமா. வண்டிய நிறுத்திட்டு."